மந்திரம் யாருக்குச் சீதனம்? - சகோதரியர் மாயக்கதைகள் குறித்துச் சில சிந்தனைகள்

பதின்பருவத்தினர் விரும்பிப் படிக்கும் மாயக்கதைகளைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வது நம்மிடையே வழக்கமன்று. பொழுதுபோக்கு என்றோ மேலைநாட்டுச் சந்தைச் சரக்கு என்றோ ஒரு சொல்லில் அவற்றை ஒதுக்கிவிட்டு, நாவல், சிறுகதை, புதுக்கவிதை என்று நமக்குப் பழகிய பாதையிலே சென்றுவிடுகிறோம். நானும் அவ்வாறே சென்றுகொண்டிருந்தவன்தான். கல்முனைப் பகுதியிலிருந்து வந்த மாணவி ஒருவர், இயற்கை கடந்த ஆற்றல் வாய்ந்த சகோதரியர் இருவரைப் பற்றிய ஆங்கிலக் கதையொன்றைக் கையில் வைத்திருந்தார். அதில் அவரைக் கவர்ந்தது யாது என வினவினேன். "இதில வாற ராத்தாவும் தங்கச்சியும் எங்கட வளவில இருக்கிறவங்க மாதிரியே இருக்காங்க, சேர்" என்றார். முதலில் சிரித்துவிட்டேன். ஆவிகளுடன் உரையாடும் இளவரசியர் எங்கே, கிழக்குக் கரையின் வளவுகள் எங்கே என்ற எண்ணந்தான் காரணம். பின்னர் அக்கதையையும் அதனோடொத்த வேறு சிலவற்றையும் படித்தபோது, சிரித்தது தவறு என்பதை உணர்ந்தேன். அவ்வுணர்வின் விளைவே இக்கட்டுரை.

சகோதரியர் மாயக்கதை என நாம் இங்கு குறிப்பிடும் வகையின் மேற்பரப்பில் மந்திரமும் போரும் சாபமும் காணப்படுகின்றன. ஆயினும் கதையை உந்திச் செல்வது பெரும்பாலும் ஒரு சொத்துப் பிரச்சினையே. ஆற்றல் ஒன்று முந்திய தலைமுறையிலிருந்து, அதிலும் குறிப்பாகத் தாயிடமிருந்து இறங்கி வருகிறது. வாரிசுகள் ஒருவருக்கு மேற்பட்டோர். மூத்தவள் பெற்றது எவ்வளவு, இளையவளுக்கு எஞ்சியது எவ்வளவு, இருவரும் பெற்றதை உண்மையில் ஆளுகின்றவர் யார் என்னும் வினாக்களே கதையாக விரிகின்றன. இவ்வாறு நோக்கும்போது, தாய்வழிக் குடியும் பெண்ணுக்கு வீடும் என்ற வழக்கில் வாழ்ந்துவரும் நமது கரையோர முஸ்லிம் ஊர்களின் வாசகி, இக்கதைகளை நியூயோர்க்கின் வாசகியைவிடக் கூர்மையாகப் படிக்கக்கூடும். அத்தகைய கதை தமிழில், அக்கரையிலிருந்து, ஏன் தோன்றவில்லை என்ற கேள்வி இதன் மறுபக்கமாகும்.

இவ்வகை ஆங்கிலேயரோ அமெரிக்கரோ நேற்றுக் கண்டுபிடித்ததன்று. முஸ்லிம் உலகின் மிகப் புகழ்பெற்ற கதைத்தொகுதியான ஆயிரத்தொரு இரவுகளின் வாசலிலேயே இரு சகோதரியர் நிற்கின்றனர். ஷஹ்ரஸாதை அனைவரும் அறிவர். அவள் தங்கை துன்யாஸாதை நினைவில் வைத்திருப்போர் சிலரே. அத்தங்கை அரசனின் படுக்கையறைக்கு வரவழைக்கப்பட்டு, ஒரு கதை சொல்லுமாறு தமக்கையைக் கேட்டிராவிட்டால் முதற்கதையே பிறந்திராது. மூத்தவளின் ஆற்றல் இளையவளின் வேண்டுதலினாற்றான் திறக்கப்படுகிறது. தமக்கை திட்டமிட்டுத் தங்கைக்குக் கற்றுக்கொடுத்த கேள்வி அது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. இது இருவர் கூடி இயற்றிய சதி, உயிர்காத்த சதி.

அத்தொகுதியின் உள்ளே, பக்தாத் நகரின் மூன்று பெண்களைப் பற்றிய கதையில் மூத்தவள் தன் வரலாற்றைக் கூறும் பகுதி நமது ஆய்வுக்கு இன்னும் பொருத்தமானது. ஒரு தாய் வயிற்றுப் பெண்கள் மூவர். தாய் இறக்கும்போது விட்டுச்சென்றது மூவாயிரம் தினார், ஆளுக்கு ஆயிரம். மற்றைய இருவரும் மணம்புரிந்து, பங்கினைக் கணவன்மாரிடம் இழந்து, வெறுங்கையராய்த் திரும்புகின்றனர். கதை சொல்பவள் அவர்களை ஏற்றுத் தன் உடைமையைப் பகிர்கிறாள். பின்னர் மூவரும் கப்பலேறுகின்றனர். மக்களெல்லாம் கல்லாய்ச் சமைந்த நகரொன்றில் எஞ்சியிருந்த இளைஞன் ஒருவனை அவள் கண்டடைந்து உடனழைத்து வர, பொறாமை கொண்ட சகோதரியர் இருவரையும் கடலில் தள்ளிவிடுகின்றனர். இளைஞன் மாள்கிறான், அவள் கரையேறுகிறாள். அங்கே துரத்தப்பட்டு வந்த பாம்பொன்றை அவள் காப்பாற்ற, அப்பாம்பு ஒரு பெண் ஜின் எனத் தெரியவருகிறது. நன்றிக்கடனாக அந்த ஜின் சகோதரியர் இருவரையும் கரிய நாய்களாக மாற்றி, ஒவ்வோர் இரவும் ஒவ்வொருத்திக்கும் முந்நூறு கசையடி கொடுக்குமாறு கட்டளையிடுகிறது.

இக்கதையின் பயங்கரம் மந்திரத்தில் இல்லை. அவள் அடித்தபின் அந்நாய்களை அணைத்து அழுகிறாள். அவற்றின் கண்ணீரைத் துடைக்கிறாள். அடிப்பது அவள் விருப்பமன்று. தண்டனையை விதித்தது வேறொரு சக்தி. ஆயினும் கை அவளுடையது. சகோதரியரிடையே சொத்தினால் விளையும் பகைக்கு இதைவிட நுட்பமான உருவகம் ஒன்றை யான் அறியேன். கதை முடியும் முறையும் கவனிக்கத்தக்கது. அழைக்கும்போது எரிப்பதற்கென ஜின் கொடுத்த மயிரிழை கலீபா ஹாரூன் அல் ரஷீதின் ஆணையால் எரிக்கப்படுகிறது, நாய்கள் பெண்களாகின்றன, மூவரையும் கலீபா தம் விருப்பப்படி மூன்று கலந்தர்களுக்கு மணமுடித்து வைக்கிறார். மந்திரமும் தீர்ந்தது, தனித்து வாழ்ந்த பெண்களின் வீடும் தீர்ந்தது. குடும்ப வழக்கை அரசு விசாரித்து முடித்துவைத்ததாகவே இதனைக் கொள்ளல் வேண்டும்.

தமிழ் மரபுக்கு வருவோம். தமிழ் முஸ்லிம்களின் மசலா, கிஸ்ஸா இலக்கியங்களில் வலிமை வாய்ந்த பெண்களுக்குக் குறைவில்லை. நூறு மசலாவின் மெஹர்பானு அறிவினால் ஆண்களைச் சோதிக்கிறாள். தன் வினாக்களுக்கு விடை கூறிய அப்பாஸை மணக்கிறாள். ஸைத்தூன் கிஸ்ஸாவின் நாயகி வாளெடுத்துப் போர் புரிந்து, ஈற்றில் தன்னோடு பொருத முகம்மது ஹனீபாவுக்கே மனைவியாகிறாள். நமது அயலூர்களான காரைதீவிலும் தம்பிலுவிலிலும் வைகாசிச் சடங்குகளிற் போற்றப்படும் கண்ணகி, ஒரு நகரையே எரித்தவள். பெரிய எழுத்துப் புத்தகங்களாகப் பல தலைமுறை கண்ட அல்லி அரசாணி மாலையில் அல்லி ஆணாதிக்கமற்ற ஆட்சியொன்றை மதுரையில் நடத்துகிறாள்; அருச்சுனன் பாம்பு வடிவில் அவள் மஞ்சத்தை அடைந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டி அவளை வெல்கிறான்.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. இவர்களது ஆற்றலைப் பங்கிட ஒரு சகோதரி இல்லை. தனித்தவளின் ஆற்றல் திருமணத்திலோ தெய்வ நிலையிலோ சென்று முடிகிறது. கதையின் தேவை கருதியே இவ்வாறு அமைந்தது என்று கூறிவிடலாம். ஆயினும் ஆண் கதைஞர்களுக்குப் பெண்ணின் ஆற்றல் எப்பொழுதும் 'இவளை வெல்வது எப்படி' என்ற கேள்வியாகவே தோன்றியிருக்கிறது என்பது என் கருத்து. 'இதனை யாருடன் பகிர்வது' என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை.

இப்பின்னணியில் அண்மைக்கால நூல்களை நோக்கலாம். அமெரிக்க எழுத்தாளர் ரோஷனி சோக்ஷியின் ஆரு ஷா வரிசை 2018 முதல் 2022 வரை ஐந்து நூல்களாக வெளிவந்தது. அட்லாண்டா நகரின் அரும்பொருட் காட்சியகமொன்றில் வாழும் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஆரு, ஏற்றக்கூடாத விளக்கொன்றை ஏற்றிவிடுகிறாள். அதனால் உறங்குபவன் எனப்படும் தீயசக்தி விழித்தெழ, தாயும் தோழியரும் அசைவற்று உறைந்துபோகின்றனர். தான் அருச்சுனனின் மறுபிறப்பு என்று அவள் அறிகிறாள். மினி, பிரின், இரட்டையர் நிகிதா, ஷீலா ஆகியோர் ஏனைய பாண்டவர்கள். ஐந்து சகோதரர் ஐந்து சகோதரியராகப் பிறந்திருக்கின்றனர். அல்லியை அறிந்த தமிழ் வாசகனுக்கு இதில் ஒரு தனிச்சுவை உண்டு: உறங்குபவளுக்குத் தாலி கட்டியவன் இப்பொழுது பள்ளிக்கூடச் சிறுமியாகி, உலகின் முன் அஞ்சி நிற்கிறான். சோக்ஷி அல்லியை மனத்திற்கொண்டு எழுதினார் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் பழிவாங்கல் ஒன்று தானாகவே நிகழ்ந்துவிட்டது.

வேகமும் நகைச்சுவையும் மிக்க இவ்வரிசை ஒரு முக்கிய இடத்திற் பலவீனமானது. ஐந்து சிறுமியரும் ஆன்மாவினாலேயே சகோதரியர். ஒரு தாய் மக்களல்லர். ஒவ்வொருத்திக்கும் ஒரு தெய்வத் தந்தை; அவரவர் கருவி அவரவர் தந்தையின் கொடை. ஆருவுக்கு இந்திரனின் வச்சிரம், மினிக்குத் தருமராசனின் தண்டம். பங்கீட்டுச் சிக்கல் எழ இடமேயில்லை. தந்தைவழி வந்த தனிச்சொத்தை ஏந்திய ஐவரின் கூட்டணி என்றே இதனைக் கூறலாம். நான்காம் நூலில் காரா என்னும் உடன்பிறந்தவள் வந்து சேரும்போதுதான் கதை உண்மையில் நடுங்கத் தொடங்குகிறது. தனக்குரியது என ஆரு நினைத்திருந்தவற்றுக்கு இன்னொருத்தியும் உரிமையுடையவள் என்ற நிலை அங்கே உருவாகிறது. மகாபாரதத்திற் கர்ணன் தோற்றுவிக்கும் அதே நடுக்கம் இது.

மாணவி கையில் வைத்திருந்த நூல் வேறொன்று. தாஷா சூரி இங்கிலாந்தில் வாழும் இந்திய வம்சாவளி எழுத்தாளர். இவரது 'எம்பயர் ஒவ் சேண்ட்' 2018இலும் அதன் தொடர்ச்சியான 'றெல்ம் ஒவ் ஆஷ்' 2019இலும் வெளிவந்தன. வளர்ந்தோருக்கென எழுதப்பட்டவையாயினும் இளையோர் பெரிதும் படிப்பவை. முகலாயப் பேரரசின் சாயல் கொண்ட கற்பனை நாடொன்றில் ஆளுநர் ஒருவரின் மகளிர் மெஹரும் அர்வாவும். இவர்களின் தாய், பேரரசு வெறுத்து ஒடுக்கும் அம்ரிதி என்னும் பாலைவனக் குடியினள்; மக்களைப் பிரிந்து சென்றவள். அவளது குருதியின் வழியே ஆற்றல் இறங்குகிறது. மூத்தவளான மெஹர் தாயின் சடங்குகளையும் நடனத்தையும் ஓரளவு கற்றவள். இளையவள் அர்வாவோ மாற்றாந்தாயின் வளர்ப்பில் அவை எதனையும் அறியாதவாறு வளர்க்கப்படுகிறாள். முதல் நூலின் தொடக்கமே இரவில் அஞ்சி விழித்திருக்கும் தங்கையிடம் தமக்கை செல்வதுதான். சாளரத்தில் வந்திருப்பது பறவை வடிவான ஓர் ஆவி. மெஹர் தன் குருதியைச் சாளரத்திற் பூசித் தங்கைக்குக் காவல் வைக்கிறாள்.

தாய் கொடுத்ததை மூத்தவள் இளையவளுக்குச் சிறிது சிறிதாகப் பகிரும் அக்காட்சியில் சூரியின் கலை முழுவதும் அடங்கியிருக்கிறது. பின்னர் மெஹரின் ஆற்றலை அறிந்த மகா என்னும் சமயத் தலைவன் திருமணத்தின் மூலம் அவளைத் தன் பிடிக்குள் கொண்டுவருகிறான். பேரரசின் செழிப்பே இவ்வாறு பறிக்கப்பட்ட குருதியாற்றலில்தான் நிலைத்திருக்கிறது. இரண்டாம் நூலில் இளம் விதவையாகத் திரும்பும் அர்வா, தனக்கு மறுக்கப்பட்ட தாய்வழி அறிவை முன்னோரின் சாம்பலில் தேடவேண்டியிருக்கிறது. முதல் நூலின் நடுப்பகுதி சற்று இழுபடுவதையும், காதற்பகுதிகள் சந்தை வழக்கை ஒட்டியே நடப்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் ஆற்றல் தாய்வழியாக இறங்கும், ஆனால் அதன் கணக்கு ஆண்கையில் இருக்கும் என்ற அடிப்படையை இந்நூல்கள் இறுகப் பற்றியிருக்கின்றன.

மாணவி தம் வளவைக் கண்டது இவ்விடத்தில்தான். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர முஸ்லிம்களிடையே குடி தாய்வழியாக வருவது. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடியைப் பிரதிநிதித்துவம் செய்யும் மரைக்காயர் ஆண். அவர் அக்குடியினர் ஆனது தாயினால். திருமணமானபின் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறார். பெற்றோர் இருந்த வீடு மூத்த மகளுக்குச் செல்ல, அவர்கள் அதே வளவிலோ அருகிலோ இன்னொரு வீட்டை எழுப்பி அடுத்தவளுக்கு ஆயத்தமாகின்றனர். இஸ்லாமிய வாரிசுரிமை விதிப்படி மகனின் பங்கு மகளினதைப் போல் இருமடங்கு. இங்கோ பெற்றோர் உயிரோடிருக்கும்போதே வீடும் காணியும் உறுதி எழுதி மகளுக்குக் கொடுக்கப்பட்டுவிடுவதால், அவ்விதி செயற்படுவதற்கு எஞ்சுவது குறைவு. அக்கரைப்பற்றில் பல்லாண்டு ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே 2008இல் வெளியிட்ட நூலில் இவ்வமைப்பு தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் இயங்குமாற்றை விரிவாக விளக்கியுள்ளார்.

இதன் விளைவாக ராத்தாவின் வீடும் தங்கச்சியின் வீடும் ஒரே வேலியின் இருபுறமும் நிற்கின்றன. உம்மாவின் சகோதரி மகளும் ராத்தாவேயன்றி வேறு உறவினளல்லள். சோக்ஷி புதுமையெனக் கொண்ட 'உடன்பிறவாச் சகோதரி' நமது உறவுமுறைச் சொல்லிலேயே அமர்ந்திருக்கிறாள். அன்பும் இவ்வமைப்பிலே விளைகிறது, பகையும் இவ்வமைப்பிலே விளைகிறது. மூத்தவளுக்குக் கல்வீடு, நடுப்பிள்ளைக்குப் பாதி கட்டிய வீடு, இளையவளுக்கு வாப்பாவின் முதுமையும் கடனும் என்ற நிலையைக் கண்டறியாதார் அக்கரையில் இலர். மறுபுறம் கடைசி மகளுக்கே பெற்றோரின் இறுதிக்காலத் துணையும் அவர்கள் வாழ்ந்த வீடும் வாய்ப்பதுண்டு. பக்தாத் பெண்ணின் ஆயிரம் தினாரை இவ்வூர்களில் எவருக்கும் விளக்கிக்கூறத் தேவையில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்தபோது, இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை ஆகியவற்றின் கரையோரத் தெருக்கள் துடைத்தெறியப்பட்டன. அழிந்த வீடுகளிற் பெரும்பாலானவை பெண்களின் பெயரிலிருந்த சீதன வீடுகள். கரையிலிருந்து 200 மீற்றருக்குட் கட்டக்கூடாது என்று முதலில் விதிக்கப்பட்டமையால், வளவைப் பிரிந்து வேறிடம் செல்லவேண்டிய நிலை பலருக்கு உண்டாயிற்று. புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது 'குடும்பத் தலைவர்' என்ற நிருவாகச் சொல் முன்னே வந்து நின்றது. தலைவர் என்றால் கணவர் எனக் கொள்ளப்பட்டுப் பல இடங்களில் ஆண்களின் பெயரிலேயே வீடுகள் பதிவாயின. பெண்ணுரிமை ஆர்வலர்கள் இதனைச் சுட்டிக்காட்டினர். மக்கில்வ்றேயும் பற்றீஷியா லோறன்ஸும், மீள்குடியேறிய குடும்பங்கள் அந்நெருக்கடிக்குள்ளும் மகளுக்கு வீடு கொடுக்க முயன்றவாற்றை 2010இல் எழுதினர். தாய்வழி இறங்கிய ஆற்றலை அரசு தன் ஏட்டில் வேறு பெயரில் எழுதிக்கொண்டது என்ற கதையை, சூரி மணற்பாலைவனத்திலே கற்பனை செய்யவேண்டியிருந்தது. நமக்கு அது பிரதேச செயலகக் கோப்பிலே கிடக்கிறது.

ஆயின் நமது புனைகதை இதனை ஏன் இவ்வடிவில் எழுதவில்லை? இலங்கையின் முதல் தமிழ் நாவலெனக் கருதப்படும் சித்திலெப்பையின் அசன்பே சரித்திரம் 1885இல் வெளிவந்தது. அது அற்புத நவிற்சி சார்ந்தது, எகிப்தைக் களமாகக் கொண்டது. ஆகவே வியப்பும் வீரசாகசமும் நமக்கு அந்நியமல்ல. பின்னர் யதார்த்தமே நாவலின் நெறி என்னும் கொள்கை வலுப்பெற்றது. பேராசிரியர் க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) அதற்குக் கோட்பாட்டுப் பலம் அளித்தது. அந்நெறி நமக்குச் செய்த நன்மை பெரிது. மருதூர்க்கொத்தன் முதலானோரின் சிறுகதைகளும், எஸ். எல். எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை'யும், ஆர். எம். நௌஸாத்தின் 'நட்டுமை'யும் கீழைக்கரை முஸ்லிம்களின் பேச்சையும் உழைப்பையும் அச்சிலேற்றின. அந்நெறியை மறுப்பது என் நோக்கமன்று. ஆயினும் அதன் கண்ணில் பெண்ணுக்குக் கொடுக்கப்படும் வீடு பெரும்பாலும் 'சீதனப் பிரச்சினை'யாகவே பட்டது: தந்தைக்குச் சுமை, குமருக்குக் கண்ணீர், மாப்பிள்ளைக்குப் பேராசை. இவை யாவும் உண்மை. எனினும் அதே வீடு பெண்ணின் காலடியிலிருக்கும் நிலம் என்பதும், சகோதரியரைப் பிணைத்தும் பிரித்தும் வைக்கும் ஒரு சக்தி என்பதும் பிரச்சினைக் கதைக்குள் அடங்கவில்லை. கவிதை இவ்வகையில் முந்திக்கொண்டது. கல்முனைக் கவிஞர் சோலைக்கிளியிடம் 1980களிலேயே விநோத உருக்கள் நடமாடத் தொடங்கிவிட்டன. சாய்ந்தமருது அனார், பெண்ணின் அகவுலகை மாயத் தோற்றங்களுடன் கலந்து எழுதிவருகிறார்.

மார்க்க அடிப்படையில் ஒரு தடை கூறப்படலாம். சூனியம் விலக்கப்பட்டது, அதனைக் கதாநாயகியரின் பெருமையாக எழுதலாமா என்பது அது. இது இலேசான வினாவன்று. எழுத்தாளர் அதனைப் புறக்கணித்தால் தம் வாசகரையே இழப்பார். ஆனால் மறைவானவற்றை நமது சமுதாயம் கதையிலிருந்து முற்றாக நீக்கியதுமில்லை. ஜின்களைப் பற்றிய அத்தியாயம் ஒன்று குர்ஆனிலேயே உண்டு. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றத்தோடு நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் கறாமத்துக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. சூனியமும் கறாமத்தும் வேறு என்பது எவரும் அறிந்ததே. அவ்வேறுபாட்டைத் தன் பாத்திரங்கள் வாயிலாகவே விவாதிக்கும் கதை, மேலைக் கதைகளில் இல்லாத ஆழமொன்றைப் பெறும். மெஹரின் குருதி நல்லதா தீயதா என்று சூரியின் பேரரசு கேட்கும் கேள்வியைவிடக் கடினமான கேள்வியை ஒரு மூத்தம்மா தன் பேத்தியரிடம் கேட்கக்கூடும்.

மொழி பற்றியும் ஒரு சொல். இக்கதைகளை மொழிபெயர்த்தாற் போதும் என்று நினைப்போர் உளர். மொழிபெயர்ப்பில் 'சகோதரி' என்ற ஒற்றைச் சொல்லே வரும். நமக்கோ ராத்தா வேறு, தங்கச்சி வேறு. வயதும் வரிசையும் அதனோடு வரும் வீடும் கடமையும் விளிக்கும் சொல்லிலேயே அடங்கியுள்ளன. யார் யாரை எவ்வாறு விளிக்கிறார் என்பதிலேயே பாதிக் கதை நிகழ்ந்துவிடும்.

அம்மாணவி சென்ற தவணையில் சில பக்கங்களை எழுதிக் கொண்டுவந்தார். கடல் எழுந்த ஆண்டுக்குப் பின் பிறந்த தங்கைக்கு, இல்லாமற்போன வளவின் கிணற்றிலிருந்து நீர் அள்ளும் ஓசை கேட்கிறது; அவ்வளவில் வாழ்ந்த ராத்தாவுக்கு அது கேட்பதில்லை. நடை இன்னும் ஆங்கில நூல்களின் சாயலிலேயே இருக்கிறது. உரையாடல் வரும் இடங்களில் மட்டும் தமிழ் உயிர்பெறுகிறது. அவ்விருவரும் இப்பொழுது இருக்கும் புதிய வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். அதை இன்னும் யோசிக்கவில்லை என்று கூறிப் பக்கங்களைத் திரும்ப வாங்கிச் சென்றார்.